நெற்றியில் எழுதிய சிங்கம்

1

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான், ஏழுமலை. என் மனைவி சாந்தி. எங்கள் மகள் கயல்விழி, வயது இருபத்திரண்டு. அவளோடு படித்த சீனப் பெண் லிங். சங்கராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசித் திரையில் வந்த என் அக்கா அஞ்சலை. இவ்வளவு பேர்தான். அக்காவையும் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். நடந்த விஷயமே அவளுடையது என்பதால் சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. சிங்கப்பூரில் எங்கள் வீடு எட்டாவது மாடி. மணி அடித்தது, கதவைத் திறந்தேன். கயல் நின்றாள். நெற்றியின் இடது பாதி முழுக்கச் செங்காவி நிறம். புருவத்துக்கு மேலே ஏதோ உருவம். எழுத்தா, மிருகமா, தெரியவில்லை. பூசியது காய்ந்து விளிம்பில் வெடித்திருந்தது.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலே ஆயிற்று, அந்த முகத்தை நான் பார்த்து. அதே நிறம். அதே பக்கம். அதே இடம்.

"யாரு எழுதனது?" என்றேன்.

"லிங்கோட பெரியத்தைப்பா. மருந்துக் கடை வெச்சிருக்காங்க. சும்மா டென்ஷன் ஆகாதீங்க."

இரண்டு நாள் முன்னால்தான் கயலுக்கு நெற்றியில் கொப்புளம் வந்தது. கிளினிக் டாக்டர் பார்த்தார். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டிருந்து இப்போது எழுந்திருக்கிறது என்றார். நம் ஊர்ப் பேச்சில் அக்கி. ஏழு நாளுக்கு மாத்திரை கொடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் கண் சிவந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். செலவு நூற்று அறுபத்தெட்டு வெள்ளி; இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம். நான் எதையும் நம் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்காமல் இருக்கமாட்டேன். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

"மாத்திரையும் சாப்பிடறேன், இதையும் போட்டுக்கிட்டேன்" என்றாள் கயல். "ரெண்டுல எது வேலை செஞ்சாலும் சரி."

"கழுவு."

"மூணு நாள் தண்ணி படக் கூடாதாம்பா."

சாந்தி சமையலறையிலிருந்து வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு உட்காரவும் பயமாக இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பத்தேழு புரட்டாசியில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஆட்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்ற போராட்டம். எனக்கு அப்போது பதினேழு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். "எனக்கு எந்தக் காலேஜுல இடம்?" என்று கேட்டதற்கு, "ஒனக்கு இல்லடா, ஒனக்குப் பொறக்கப் போறதுக்கு" என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. போனேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரம். சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். நான் கோடாலி பிடிக்கவில்லை. மரம் சாலைப் பக்கம் சாயும்படி கயிறு இழுத்தவர்களில் ஒருவன். பெரிய மரம் விழுந்தபோது எல்லோரும் கத்தினார்கள். அதற்கப்புறம் வந்த அமைதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பேருந்து இல்லை. ஹாரன் சத்தம் இல்லை. எப்போதும் நிழலாகவே கிடந்த சாலையில் வெயில் கொட்டிக்கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ஊரே வேறு ஊர்போல் இருந்தது. சாயங்காலம் காக்கைகள் திரும்பி வந்து, மரம் இருந்த இடத்தில் வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு எங்கள் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் கத்தவில்லை. புளியமரத்தில் குடியிருந்தது எல்லாம் இப்போது எங்கே போகும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் காக்கையைச் சொல்லவில்லை.

இரண்டாவது நாள் அஞ்சலைக்கு நெற்றியில் கொப்புளம் வந்தது. இடது பக்கம். அவளுக்குப் பத்தொன்பது. சின்னசேலத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள்.

"கள்ளக்குறிச்சி ஆசுபத்திரிக்கு அழைச்சிக்கினு போலாம்பா" என்றேன்.

"எதுல போவ? நீதான மரத்த இழுத்துப் போட்ட" என்றார் அப்பா. "அக்கிக்கு எதுக்குடா ஆசுபத்திரி? முனுசாமியக் கூட்டியா."

முனுசாமி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பானை செய்பவர். அக்கி வந்தால் எங்கள் பக்கத்தில் பானை செய்கிறவரிடம்தான் போவோம். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதுவார். அதற்கு அக்கி எழுதுவது என்றே பெயர். முனுசாமி கோமுகி ஆற்று மணலில் நடந்து வந்தார். கொட்டாங்கச்சியில் காவி, கையில் கோழி இறகு. அக்காவைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார். எழுதி முடிக்கும்வரை பேசவில்லை. அக்கி எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஆரம்பித்து அது தொடங்கிய இடத்துக்கு வந்தார். கடைசியில் புருவத்துக்கு மேலே ஒரு சிங்கம் போட்டார். கொப்புளத்தைப் பார்த்து வாயைத் திறந்த சிங்கம்.

"இது கண்ணுக்குப் போவாம தின்னுடும்" என்றார். "மூணு நாளு தண்ணி படக் கூடாது. கண்ணாடி பாக்கக் கூடாது. மூணா நாளு நானே வந்து கழுவி வுடறேன்."

மீந்த காவியைக் கொட்டாங்கச்சியோடு மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார் அப்பா.

3

"அப்பா, நீங்க என்னைப் பாக்கற மாதிரி பாக்கல" என்றாள் கயல். "என்னத் தாண்டி யாரையோ பாக்கறீங்க."

லிங் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என் ஆங்கிலம் கட்டட வேலையில் கற்றது. பத்துப் பேருக்கு ஆணை கொடுக்கலாம், ஒரு சந்தேகம் கேட்க முடியாது. கயல் மாற்றிச் சொன்னாள். சீனர்கள் இதைப் பாம்பு என்பார்களாம். தலையும் வாலும் சேர்ந்தால் ஆபத்தாம். அதனால் வால் இருக்கும் இடத்திலிருந்து தலைக்கு எழுதிக்கொண்டே வருவார்களாம். பெரியத்தை எழுதும்போது பேசவே மாட்டாராம்.

"எந்தப் பக்கம் பாத்து உக்கார வெச்சாங்க?"

கயல் கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல் பக்கம்."

"ஜன்னல் எந்தத் திசை?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

லிங் தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து கடை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தாள். கிழக்கு என்றாள். பெரியத்தை கடலுக்கு அப்பால் ஏதோ ஊரில் பிறந்தவர். முனுசாமி ஆற்றைத் தாண்டி அதிகம் போகாதவர். இரண்டு பேருக்கும் இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சாந்திக்கு ஒரு பழக்கம், பயம் வந்தால் ஊருக்குப் போன் போடுவாள். அக்கா திரையில் வந்தாள். வெயிலில் இருந்து உள்ளே வந்தவள் போலிருக்கிறது, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கயல் "ஹாய் அத்தை" என்று முகத்தைக் காட்டினாள்.

அக்கா பேசவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"யாருடா எழுதனது?" என்றாள். "முனுசாமியா?"

முனுசாமி செத்துப் பல வருஷம். அவளுக்கும் தெரியும். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "புள்ளய ஒடனே ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போ. நிக்காத. கெளம்பு" என்று இணைப்பைத் துண்டித்தாள்.

நான் கயலின் கையைப் பிடித்தேன். பத்து வயதுக்கு அப்புறம் அவள் கையை அப்படிப் பிடித்ததில்லை. அவள் உதறவில்லை. கண்ணின் ஓரம் லேசாகச் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

4

கண் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வேறு ஏதாவது வைத்தியம் செய்துகொண்டாரா, யாரிடம், என்ன மருந்து, ரசீது உண்டா. எழுதத் தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயல் பிடுங்கித் தானே நிரப்பினாள். ஒரு கேள்வியில் மட்டும் நிறுத்தினாள்.

"குடும்பத்துல யாருக்காவது கண் பிரச்சினை இருந்துதான்னு கேக்கறாங்க. இல்லதான?"

"அத்தைக்கு."

"அது ஏதோ முள்ளு குத்துனதுன்னு சொன்னீங்க?"

நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. வரிசை எண் வரும்வரை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுதிய மறுநாள் மதியம். அப்பாவும் அம்மாவும் கடலைக் காட்டுக்குப் போயிருந்தார்கள். நான் நிலைவாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே இருந்தாள்.

"டேய், கண்ணு எரியுதுடா. கொஞ்சம் தண்ணி ஊத்துடா."

"மூணா நாளுதான்க்கா."

"ஓரத்துல மட்டும்டா. யாருக்கும் தெரியாது."

"சிங்கத்துக்குத் தெரியும்" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

"சிங்கம் எப்படி இருக்குது? எந்தப் பக்கம் பாக்குது?"

அவள் கண்ணாடி பார்க்கக் கூடாதே. நான் எதிரில் நின்று பார்த்துச் சொன்னேன். "வாயத் தொறந்துக்கினு வலது பக்கம் பாக்குது."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அழுதாளா தெரியாது. ஊரில் ஒரு சத்தமும் இல்லை. கூரைமேல் காக்கை நகம் கீறும் சத்தம் மட்டும். வெயிலில் மலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. நான் கண்ணயர்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடுக்கிட்டு எழுந்து உள்ளே பார்த்தேன். அக்கா அதே இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காவி அப்படியே இருந்தது.

சிங்கம் மட்டும் திரும்பியிருந்தது. கொப்புளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. புளியமரத்திலிருந்து இறங்கிய ஏதோ ஒன்று கயிறு பிடித்தவன் வீட்டைத் தேடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் முனுசாமி வந்தார். குனிந்து அக்காவின் நெற்றியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கழுவுனியாம்மா?"

"இல்ல" என்றாள் அக்கா.

"எம்புள்ள காவலு இருந்தான். ஒரு சொட்டுத் தண்ணி படல" என்றார் அப்பா. நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"இது என் கை எழுதனது இல்ல" என்றார் முனுசாமி. பிறகு கழுவிவிட்டார். அக்காவின் இடது கண் அதற்குள் வெந்த மாதிரி இருந்தது.

மறியல் முடிந்து, மரங்களை அறுத்து வழிவிட்ட பிறகு சின்னசேலத்தில் ரயில் ஏறிச் சேலம் போனோம். காலம் கடந்துவிட்டது என்றார் கண் டாக்டர். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. பார்வை வரவில்லை. சின்னசேலம் மாப்பிள்ளையும் வரவில்லை.

ஊர் இரண்டாகப் பேசியது. முனுசாமி கை ராசி போய்விட்டது, சமாளிக்கப் பேசுகிறார் என்றார்கள் பாதிப் பேர். அவர் கைமேல் வேறு ஏதோ வந்து எழுதிவிட்டுப் போகிறது என்றார்கள் மீதிப் பேர். எப்படிச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். அதற்கப்புறம் அவரிடம் அக்கி எழுத யாரும் போகவில்லை. என் சத்தியம் ஒன்றே அவருக்கு எதிரான சாட்சி.

இவ்வளவையும் கேட்ட கயல், "நாலு வருஷம் கழிச்சு ரெண்டாந்தாரமா சங்கராபுரத்துல குடுத்தீங்களே, அதுக்குக் காரணம் இதுதானா?" என்றாள். ஊர்ப் பேச்சு தெரியாத பிள்ளை என்று நினைத்திருந்தேன். 'ரெண்டாந்தாரம்' எங்கே கற்றாளோ.

5

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கயலின் நெற்றியைத் துடைத்தார். சிவப்பு மூக்கோரம் வழிந்தது. நான் திரும்பிக்கொண்டேன். கருவியில் முகத்தை வைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார். நான் மனதில் நூறு எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணுக்குள் வைரஸ் போகவில்லை. ஓரச் சிவப்புக்குச் சொட்டு மருந்து போதும். மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று.

நான் கயலிடம், "ஒண்ணு கேளு" என்றேன். "அந்தக் காலத்துல அத்தை கழுவியிருந்தா கண்ணு பொழைச்சிருக்குமா? தண்ணி ஊத்தாததுனாலதான் போச்சா?"

கயல் கேட்டாள். டாக்டர் என்னையே பார்த்துப் பதில் சொன்னார். கயல் மெதுவாக மாற்றிச் சொன்னாள். "பூசுனதாலயும் இல்ல, கழுவாததாலயும் இல்ல. அது உள்ள நரம்பு வழியா கண்ணுக்குப் போயிடும். மேல என்ன எழுதினாலும் அதுக்குத் தெரியாது. அப்போ இந்த மாத்திரை கெடைச்சிருந்தா ஒருவேளை. நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுப்பா."

கடைசி வாக்கியம் டாக்டர் சொன்னதா, கயலே சேர்த்ததா என்று இன்னும் கேட்கவில்லை.

கணக்கு இது. கிளினிக் நூற்று அறுபத்தெட்டு. கண் ஆஸ்பத்திரி நூற்றுப் பன்னிரண்டு. பெரியத்தையின் கடையில் காய்ச்சிக் குடிக்கும் கசப்புப் பொட்டலம் இருபத்தெட்டு. எழுதியதற்குக் காசு இல்லை. பொருக்கு உதிர்ந்த பிறகு சிவப்பு உறையில் மனதுக்குத் தோன்றியதை வைத்துக் கொடுத்தால் போதுமாம். குணமாகவில்லை என்றால் கொடுக்க வேண்டாமாம். கயல் வேலை செய்யும் கம்பெனியில் மருத்துவச் செலவைத் திருப்பிக் கேட்டோம். முதல் இரண்டு ரசீதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு, "பதிவு பெற்றவர் கொடுத்த ரசீது வேண்டும்" என்றார்கள்.

எது மலிவு, எது பலன் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைக் காப்பாற்றியது மாத்திரை, சந்தேகமில்லை. அதற்கு ஆன செலவைப் பற்றி நான் இனி வாய் திறக்கமாட்டேன். ஆனால் டாக்டரும் ஆஸ்பத்திரிக்காரர்களும் கண் போனாலும் பிழைத்தாலும் காசு வாங்குவார்கள். குணமானால் மட்டும் கொடு என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்துப் பொருக்கு உதிர்ந்தது. உறையில் ஐம்பது வெள்ளி வைத்தேன். "மாத்திரைதான் சரி பண்ணுச்சுன்னு சொல்லிட்டு எதுக்குப்பா?" என்றாள் கயல். உறையை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். பெரியத்தை உறையைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார். கயலின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். லிங் சொன்னாள்: வீட்டில் இதற்கு முன்னால் யாருக்கோ எழுதியிருக்கிறது, அதற்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்கிறார்.

கயல் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லையாம். நான் நம்புகிறேன்.

6

மறுநாள் மதியம் நான் மட்டும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இவ்வளவு வருஷமாகத் தண்ணீர் ஊற்றாத பாவம் என் தலையில் இருந்தது என்று அழுதுவிட்டேன்.

"நீ எதுக்குடா அழுவுற?" என்றாள். "நான்தான் கழுவிட்டனே."

எனக்குப் புரியவில்லை.

"நீ தூங்கனப்போ. எரிச்சல் தாங்கல. முந்தானைய நனைச்சி மொத்தமும் தொடச்சிட்டேன். அப்பறம் பயந்துக்கினு, மாடத்துல இருந்த காவியக் கொழைச்சி, அப்பா சவரம் பண்ற கண்ணாடிய வெச்சி நானே எழுதிக்கினேன். நீ வலது பக்கம் பாக்குதுன்னு சொன்னியா, நானும் வலது பக்கமா போட்டேன். எதிர நிக்கறவனுக்கு வலது, எனக்கு எடதுன்னு அப்போ தோணல."

சிங்கத்தைத் திருப்பியது யார் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது. பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை, இடம்தான் மாறியது. நெருப்பாய் எரியும் கண்ணோடு ஒரு பெண் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் நெற்றியில் தானே சிங்கம் எழுதுகிறாள். நான் மூன்றடி தள்ளித் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

"முனுசாமி கேட்டப்போ ஏன்க்கா சொல்லல?"

"சிங்கத்தத் திருப்பி வெச்சி நானே கண்ணக் கெடுத்துக்கினேன்னு நெனச்சேன்டா. வெளிய சொன்னா எவன் கட்டுவான்? சொல்லலன்னாலும் கட்டல, அது வேற." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "டாக்டரு நெசமா சொன்னாங்களா? தண்ணியால இல்லியா?"

"இல்லக்கா."

"சிங்கம் திரும்பனதால?"

"அதாலயும் இல்ல."

"கொப்புளம் காஞ்சி உதுந்துச்சி இல்ல?"

"உதுந்துச்சி."

"அப்படின்னா அந்த மனுஷன் மேல ஒரு குத்தமும் இல்ல. பொருக்கு உதுந்தா கூலி குடுக்கணும். அவரு கேட்டு வந்தப்போ, கண்ணு போச்சி, காசு வேறயான்னு அப்பா வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. நானும் உள்ள இருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்."

முனுசாமியின் மகன் சின்னசேலத்தில் செங்கல் சூளையில் இருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை பேருந்தில் போய், தானே கழுவியதைச் சொல்லிவிட்டு, கூலியை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். நான் இங்கிருந்து பத்தாயிரம் அனுப்புகிறேன் என்றேன்.

"ஒன் சிங்கப்பூரு காச நீயே வெச்சிக்கோ. ஜாஸ்தி குடுத்தா தருமம் பண்ண மாரி ஆயிடும். அவரு கேட்டத மட்டும் குடுக்கணும்."

எவ்வளவு கேட்டார் என்று எனக்கு நினைவில்லை. அக்காவுக்கு நினைவிருந்தது.

ஒன்றேகால் ரூபாய்.